முனி காலடி மண்

சித்தேரிக்கரை,
மதுராந்தகம் அருகில்
5-2-2024

பெரியவர் கேசவன் அவர்களுக்குத் தம்பி பக்தவச்சலம் எழுதுவது.

இங்கே நானும் சரசும் பிள்ளைகளும் சுகம். நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள். கேட்டு போட்டுக் காவல் வைத்து வாழ்கிறவர்களுக்கு என்ன குறை வரப்போகிறது?

பாகம் பிரித்த அன்று, முனீஸ்வரன் கல்லுக்கு முன்னால் சூடம் அணைத்து, இனி ஒருவரோடொருவர் வாய் திறந்து பேசுவதில்லை என்று இரண்டு பேரும் சத்தியம் செய்தோம். அண்ணன் தம்பியாக நாம் சேர்ந்து செய்த கடைசிக் காரியம் அது. அதை நான் மீறவில்லை, போனிலும் பேச மாட்டேன். எழுதக்கூடாது என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். உங்களுக்குப் படிக்கத் தெரியாது என்பதும் தெரியும். யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். நாலு பேர் காதில் விழட்டும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துப் பீர்க்கன்கரணைக்கு வந்தோம். சரசு மடியில் பேத்தி தமிழினி. பின் சீட்டில் கிடா. மொட்டை போடுகிற ஆளையும் கூட்டி வந்திருந்தோம். நம் நிலத்தில் நிற்கிற உங்கள் அடுக்குமாடி வாசலில் வாட்ச்மேன் மறித்தார்.

"யார் வூட்டுக்கு?"

"கேசவன் தம்பி குடும்பம்பா. எங்க குலதெய்வம் உள்ள கீது. படையல் போட வந்துகிறோம்" என்றான் என் மகன் தீனா.

அவர் போனைத் தட்டினார். நாங்கள் வெயிலில் நின்றோம். கிடா கத்தியது. மேலே ஒரு பால்கனியிலிருந்து யாரோ ஒரு அம்மா வீடியோ எடுத்தார். கடைசியில் வாட்ச்மேன் உள்ளே போய்விட்டு வந்து, "பெரியவர் வேணாம்னு அழுத்திட்டாருப்பா. வண்டிய ரிவர்ஸ் எடு" என்றார்.

நம் வீட்டுப் பிள்ளைக்கு முதல் மொட்டை முனி முன்னால்தான். அதுவரை கத்தரி படக்கூடாது. உங்களுக்கும் எனக்கும் அப்படித்தான் நடந்தது. தமிழினிக்கு ஜடை முதுகுக்கு வந்துவிட்டது. ஜூனில் பள்ளிக்கூடம். இனி உங்கள் வாசலுக்கு வருவதாக இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிடிமண் கொடுங்கள். சாமியின் காலடியிலிருந்து மூத்தவன் தன் கையால் ஒரு பிடி மண் அள்ளிக் கொடுத்தால், அதை வைக்கிற இடத்தில் சாமி வந்து நிற்பார் என்பது நம் வழக்கம். நான் என் நிலத்தில் முனியை வைத்துக்கொள்கிறேன். அதன் பிறகு உங்களுக்கும் எனக்கும் ஒன்றுமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்தவச்சலம்


பீர்க்கன்கரணை,
தாம்பரம் மாநகராட்சி
19-2-2024

பக்தவச்சலத்துக்கு அண்ணன் கேசவன் சொல்ல, எதிர்வீட்டு அருள்மேரி டீச்சர் எழுதுவது.

இங்கே நான் சுகம். நீ சுகமா என்று கேட்டால்தான் அது கடிதம் என்று டீச்சர் சொல்கிறார். கேட்டாகிவிட்டது.

சொன்னதைச் சொன்னபடி எழுதச் சொன்னேன். "ஐயா, கெட்ட வார்த்தையெல்லாம் நான் எழுத மாட்டேன்" என்றுவிட்டார். அதனால் இந்தக் கடிதம் பாதிதான். மீதியை அங்கங்கே நீயே போட்டுப் படித்துக்கொள்.

எனக்கு எழுத்துதான் தெரியாது. மறதியும் தெரியாது. பாகம் பிரித்த அன்று நீ காப்பிப்பொடி நிறத்தில் புதுச் சட்டை போட்டு வந்தாய். பஞ்சாயத்துப் பேச வந்த சம்பந்தம், "கல்லு யார் பாகத்துல வருது?" என்று கேட்டான். நீ என்ன சொன்னாய்? "கல்ல அவரே வச்சிக்கினு கும்புடட்டும். எனக்கு ரோட்டுப் பக்கம் குடுங்க." இதுதான் நீ சொன்னது. உன் வாயில் வெற்றிலை இருந்தது, ஒரு சொட்டு சட்டையில் விழுந்தது, அதையும் பார்த்தேன். ரோட்டுப் பக்கம் கிடைத்தது. கொடி கட்டினாய், ஷாமியானா போட்டாய், வருகிறவனுக்கெல்லாம் கலர் உடைத்துக் கொடுத்து மனை மனையாக விற்றாய். விற்றுவிட்டு மதுராந்தகத்துக்குத் தெற்கே ஓடினாய். வேண்டாம் என்று விட்டுப்போன சாமியை இப்போது ஏன் கேட்கிறாய்?

நானும் நிலத்தைப் பில்டரிடம் கொடுத்தேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கண்டிஷன் போட்டுக் கொடுத்தேன். முனி நின்ற இடத்தில் நிற்பார், அதைத் தொடக்கூடாது என்று. இத்தனை பிளாட்டுக்கு நடுவில் இன்றைக்கும் நிற்கிறார். இங்கே என் வார்த்தைக்கு மேல் வார்த்தை கிடையாது. பிளாட்டுக்காரர்கள் சங்கத்துச் செக்ரட்டரி அனந்தகிருஷ்ணன்கூட என்னைப் பார்த்தால் எழுந்துதான் நிற்பார்.

வாசலில் ஆள் வந்தால், உள்ளே விடவா என்று போனில் பச்சை ஒன்று சிவப்பு ஒன்று வரும். சிவப்பை அழுத்தியது நான்தான். என் விரல்தான். என் மகன் தயாளன்கூட ஏம்பா என்று கேட்டான். உன் வேலையைப் பார் என்றேன்.

பிடிமண் கிடையாது. முனிக்கு இரண்டு வீடு கிடையாது.

சரசுவைக் கேட்டதாகச் சொல். பேத்தியையும்.

கேசவன் (கைநாட்டு)


சித்தேரிக்கரை
2-3-2024

அண்ணன் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. நான் மழைக்காலத்தில் வரப்பில் வழுக்கி விழுந்ததில் கால் இன்னும் சரியாகவில்லை, மற்றபடி சுகம். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லவேண்டியது முறை.

ரோட்டுப் பக்கம் கேட்டேன்தான். என்னிடம் அன்றைக்கு மாடும் கடனும்தான் இருந்தன. நீங்கள் மூத்தவர் என்று ஏரிக்கரைப் பக்கம் முழுக்க எடுத்துக்கொண்டபோது யாரும் உங்கள் சட்டையைப் பார்க்கவில்லை. நான் மனை போட்டு விற்றேன், நீங்கள் மாடி போட்டு விற்றீர்கள். என் பாகத்தில் வந்தவன் தரையில் படுக்கிறான், உங்கள் பாகத்தில் வந்தவன் அந்தரத்தில் படுக்கிறான். இதில் நீங்கள் யோக்கியர், நான் ஓடிப்போனவன்!

தமிழினியைச் சேர்க்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அந்த மிஸ், "முடியைக் கொஞ்சம் வெட்டி விடுங்களேன், தலையில் பேன் ஓடுது" என்றார். சரசு அழுதுகொண்டே வந்தாள். "உங்க அண்ணன் பொண்டாட்டி இருந்திருந்தா இப்டி நடக்க வுட்டிருப்பாங்களா? அவங்க போனாங்க, அந்த மனுசன் கல்லோட கல்லா ஆயிட்டாரு" என்கிறாள்.

பம்ப்செட் பக்கத்தில் மேடை கட்டி முடித்துவிட்டேன். முனி வந்து உட்கார வேண்டியதுதான் பாக்கி. நல்லபடியாகக் கொடுத்தால் சரி. இல்லாவிட்டால் ஒருநாள் நானே வந்து சுவரேறிக் குதித்து அள்ளிக்கொண்டு போவேன். எனக்குக் கால்தான் சரியில்லை, கை நன்றாக இருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை.

பக்தவச்சலம்


பீர்க்கன்கரணை
10-3-2024

பக்தவச்சலத்துக்கு,

சுகம். உன் கால் விஷயம் கேள்விப்பட்டேன். வரப்பில் நடக்கத் தெரியாதவனுக்கு வயல் எதற்கு?

சுவரேறிக் குதி. மேலே கண்ணாடிச்சில்லு பதித்திருக்கிறார்கள், கேமரா வைத்திருக்கிறார்கள். நீ காலை நொண்டிக்கொண்டு குதிப்பதை எல்லா வீட்டிலும் போனில் பார்ப்பார்கள். போலீஸ் வந்து கேட்டால், இவன் யாரென்றே எனக்குத் தெரியாது என்பேன். நீ அள்ளினால் அது பிடிமண்ணும் ஆகாது, திருட்டு மண்தான். மூத்தவன் கையால் கொடுத்தால்தான் சாமி கூட வருவார். அதைத் தெரிந்துகொண்டுதானே கெஞ்சுகிறாய்?

டீச்சர் பேப்பர் படித்துச் சொன்னார். பெருநகரம் பெருநகரம் என்று எல்லைக்கோட்டைத் தெற்கே இழுத்துக்கொண்டே போகிறார்களாம். முன்பெல்லாம் பட்டணத்துக்குப் போகிறேன் என்று சொல்லித்தான் நாம் இங்கிருந்து ரயில் ஏறுவோம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனாலே ஊர் தாண்டிப் போனதாகக் கணக்கு. இப்போது நான் இருந்த இடத்திலேயே இருக்கிறேன், பஞ்சாயத்து போய்ப் பேரூராட்சி வந்து, அதுவும் போய் மாநகராட்சி ஆகிவிட்டது. நீ அதற்குப் பயந்து ஓடினாய். அது உன்னைத் துரத்திக்கொண்டு வருகிறது. உன் பக்கம் கொடி கட்டிவிட்டார்களா? ஷாமியானா போட்டார்களா? கலர் கொடுத்தார்களா? அதை முதலில் எழுது.

எல்லோருக்கும் என் ஆசி. கிடாவுக்கும்.

கேசவன் (கைநாட்டு)


சித்தேரிக்கரை
21-4-2024

அண்ணன் அவர்களுக்கு,

எழுத நாளாகிவிட்டது. எழுத ஒன்றுமில்லை என்று இருந்தேன். இப்போது இருக்கிறது.

போன வாரம் தீனா டிராக்டர் சாமான் வாங்கத் தாம்பரம் வந்தான். அங்கே அவன் கூட்டாளி பென்னி வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் இருக்கிறான். அவன் பனியனையும் பையையும் மாட்டிக்கொண்டு தீனா உங்கள் வாசலுக்கு வந்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை, உள்ளே விட்டுவிட்டார்கள். கிடாவோடு வந்த குடும்பத்துக்குத் திறக்காத கேட்டு, பிரியாணிப் பொட்டலத்துக்குத் திறக்கிறது.

முனியைப் பார்த்தான். டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால், பச்சை வலை கட்டி, நாய் வராமலிருக்கக் கம்பி போட்டு நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். பலகையில் எழுதியிருப்பதைப் போன் பேசுகிறவன் போல நின்று படித்தான். விளக்கு காலை ஆறிலிருந்து ஏழு வரை மட்டும். சூடம் கூடாது. மணி கூடாது. அசைவப் படையல் கண்டிப்பாகக் கூடாது. பூசை நேரமா அது? குழாயில் தண்ணீர் விடுகிற நேரம் மாதிரி இருக்கிறது.

வாட்ச்மேன் அந்தோணிசாமி, எங்களை அன்றைக்குத் திருப்பி அனுப்பினவர்தான், தீனாவை அடையாளம் கண்டுகொண்டார். கத்தவில்லை. ஓரமாகக் கூப்பிட்டு, "மனசு கேக்கல தம்பி. அன்னிக்கு நானே உள்ள போய்ப் பாத்தேன், பெரியவரு பச்சைய அழுத்தத்தான் போனாரு. செக்ரட்டரி சார் பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தாரு. 'ஐயா, உள்ள ஒரு சொட்டு ரத்தம் விழுந்தா நாளைக்கே மீட்டிங் போட்டுக் கல்ல எடுத்துடுவோம், அப்புறம் என்னைச் சொல்லாதீங்க'ன்னாரு. பெரியவரு கை அப்டியே நின்னுபோச்சு" என்றாராம்.

ஆக, நீங்கள் எங்களை நிறுத்தவில்லை. உங்களை அவர்கள் நிறுத்தினார்கள். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, என் விரல்தான், என் வார்த்தைதான் என்று எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். உங்களைப் பார்த்தால் செக்ரட்டரி எழுந்து நிற்கிறாராம். எதற்கு? வழிமறிக்கவா?

உங்கள் சாமியே அங்கே குடக்கூலிக்கு இருக்கிறார். இன்னும் யாருக்காகப் பிடித்து வைத்திருக்கிறீர்கள்?

பக்தவச்சலம்


பீர்க்கன்கரணை
26-4-2024

பக்தவச்சலத்துக்கு,

டீச்சர் உன் கடிதத்தை நடுவில் நிறுத்தினார். "படிங்க" என்றேன். முழுக்கக் கேட்டேன்.

இந்தா மண். இன்று காலை அவர்கள் கொடுத்த நேரத்திலேயே, குளித்து முடித்து, முனி காலடியில் என் வலது கையால் அள்ளி, உன் அண்ணியின் மஞ்சள் புடவையில் கிழித்த துணியில் முடிந்தேன். ஊருக்குப் போகிற அந்தோணிசாமி மதுராந்தகத்தில் இறங்கிக் கொடுத்துவிட்டுப் போவார்.

மேடையில் வை. மொட்டை போடு. கிடா வெட்டு. எனக்குக் கறி அனுப்பாதே.

மண் வந்தது என்று ஒரு வரி எழுது. வேறு எதுவும் எழுதாதே. கொடி கட்டினார்களா என்று கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. அதையும் இனி நான் கேட்கவில்லை.

கேசவன் (கைநாட்டு)


சித்தேரிக்கரை
3-5-2024

கேசவனுக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு மனமில்லை.

மூட்டை வந்ததும் சரசு அதைத் தட்டில் வைத்து மாலை போட்டாள். தெருவில் எல்லோரையும் கூப்பிட்டோம். மேடை கழுவி, மாவிலை கட்டி, நான் துணியை அவிழ்த்தேன். தீனாதான் முதலில் சொன்னான். "நைனா, இது நம்ம ஏரிச் சவுட்டு மண்ணு மாரி கீதே."

வாயை மூடு என்றேன். பிறகு கையில் எடுத்துப் பார்த்தேன். செக்கச்செவேல் என்று, நடுநடுவே வெள்ளைக் கப்பி. இந்த ஊர்ப் பிள்ளைகூடக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அது சித்தேரி மண் என்று. தூர் வாருகிறோம் தூர் வாருகிறோம் என்று அந்த ஏரியை லாரி லாரியாக வெட்டிக்கொண்டு போனார்கள். இப்போது அங்கே தண்ணீர் நின்றால் மாடு இறங்க வழியில்லை. அத்தனை ஆழப் பள்ளம். நின்றவர்களில் ஒருவன் சிரித்தான். "இன்னா பக்தா, நம்மூர் மண்ண நமக்கே பார்சல் பண்ணிக்கிறாரு உங்கண்ணன்?"

நம் நிலத்து மண் எனக்கு மறந்துவிட்டது என்று நினைத்தாயா? கறுப்புக் களி. மழையில் கால் வைத்தால் செருப்பை வாங்கிக்கொள்ளும். கோடையில் கை போகிற அளவுக்கு வெடிக்கும். நீ எந்தக் கட்டட வேலை நடக்கிற இடத்தில் கொட்டிக் கிடந்ததை அள்ளி அண்ணி புடவையில் முடிந்தாய்? கொடுக்க மனமில்லை என்றால் கொடுக்காதே. பேத்தி தலையை வைத்துக்கொண்டு விளையாடாதே. அந்தப் புடவைக்காவது பயந்திருக்கலாம்.

மண்ணை அப்படியே முடிந்து ஆணியில் மாட்டியிருக்கிறேன். சபையில் என்னைப் பார்த்துச் சிரிக்க வைத்தாய். இதற்கு நீ பதில் சொல்லியாகவேண்டும்.

பக்தவச்சலம்


பீர்க்கன்கரணை
8-5-2024

அடே பக்தவச்சலம்,

உனக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டது. தாம்பரத்தில் நல்ல டாக்டர் இருக்கிறார், வந்து காட்டு. என் கையால், முனி காலடியில், டீச்சர் பார்த்திருக்க அள்ளினேன். அவர் கிறிஸ்தவர், பொய் எழுத மாட்டார். கேட்டுக்கொள். ஏமாற்றினேன் என்று இன்னொரு தரம் எழுதினால் இந்த வயதிலும் வந்து அறைவேன்.

கேசவன் (கைநாட்டு)


பீர்க்கன்கரணை
14-5-2024

பக்தவச்சலத்துக்கு,

உன் பதில் வருமுன் மறுபடி எழுதச் சொல்கிறேன். நான் சுகமில்லை. சளி.

உன்னைப் பொய்யனாக்க வேண்டும் என்றே கடப்பாரை எடுத்துக்கொண்டு போனேன். முனி காலடியில் குத்தினேன். சிவப்பு. இன்னும் குத்தினேன். சிவப்பு, கப்பி. முழங்கை போகிற அளவுக்குத் தோண்டியும் சிவப்புதான். அனந்தகிருஷ்ணன் வேகமாக நடைபோட்டுக்கொண்டு வந்தார். "ஐயா, ப்ளீஸ், அடியில கேபிள் போகுது" என்றார். "எங்க நெலத்து மண்ணு எங்க சார்?" என்று கேட்டேன். "இதானே ஐயா மண்ணு?" என்றார். அவரைச் சொல்லி என்ன? அவர் குடிவந்தபோது இதுதான் மண்.

பில்டர் வேலை ஆரம்பித்தபோது கார் நிறுத்தக் கீழே ஒரு மாடி என்று பள்ளம் தோண்டினான். ரோட்டைவிட உயர வேண்டும் என்று ஓரமெல்லாம் எங்கிருந்தோ லாரியில் மண் கொண்டுவந்து கொட்டினான். அன்றைக்கு முனி கல்லைப் பெல்ட் போட்டு கிரேனில் தூக்கினார்கள். நான் நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கல்லுக்கு ஒரு கீறல் விழக்கூடாது என்று கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிரேன் ஓட்டினவன் பெயர் தனக்கோடி, இடது கையில் ஆறு விரல். வேலை முடிந்ததும் அதே இடத்தில் கல்லை இறக்கினார்கள். ஒரு கீறலில்லை. எல்லாம் பார்த்தேன். அடியில் என்ன மண் என்று பார்க்கவில்லை. அன்றிலிருந்து உன் ஏரியின்மேல் விளக்கு வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

நம் கறுப்பு மண்ணை லாரியில் கோவிலம்பாக்கம் பக்கம் கொண்டுபோய்ப் பழைய கல்குவாரிப் பள்ளத்தில் கொட்டினார்களாம். சம்பந்தத்திடம் விசாரித்தேன். மூடி, சமமாக்கி, மேலே வீடு வந்து, பிள்ளைகள் காலேஜ் போகிறார்களாம். யார் வீட்டு ஹாலைத் தோண்டச் சொல்வது?

உன் ஏரியை நான் வெட்டச் சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள். ஆனால் மண் என்று என்னிடம் கொடுக்க ஒன்றுமில்லை. கல்தான் இருக்கிறது. கல்லையே கொண்டுவருகிறேன். உன் ஏரி மண்ணில் இத்தனை வருஷம் உட்கார்ந்துவிட்டார், உன் மேடையில் உட்கார்வதற்கு என்ன? உனக்காக இல்லை. அந்தப் பிள்ளை தலையில் பேன் ஓடுகிறது என்று எழுதியிருந்தாயே, அதற்காக. தேதி சொல்.

கேசவன் (கைநாட்டு)


சித்தேரிக்கரை
22-5-2024

அண்ணன் அவர்களுக்கு,

சளிக்கு வெந்நீர் குடியுங்கள். டீச்சரிடம் சொல்லி ஆவி பிடியுங்கள்.

கல்லை இங்கே மேடைக்குக் கொண்டுவர வேண்டாம்.

கொடி கட்டினார்களா என்று கேட்டீர்கள். கட்டிவிட்டார்கள். நான் முதல் கடிதம் எழுதும்போதே பேச்சு முடிந்துவிட்டது. சித்தேரிக்குக் கீழே இருக்கிற எல்லோரும் நிலத்தை விற்க ஒத்துக்கொண்டார்கள். ஏரித் தண்ணீர் பள்ளத்திலேயே நின்று மதகுக்கு ஏறாத பிறகு கீழே வயல் எதற்கு என்றான் தீனா. தீனா சொன்னான் என்று எழுதுகிறேன், நானும்தான் தலையாட்டினேன். ஆனி பிறந்ததும் பத்திரம். மேடை கட்டின இடத்தில் முப்பதடி ரோடு வருகிறது. அளந்து கல் நட்டுவிட்டார்கள், மேடைமேலேயே சுண்ணாம்புக்கோடு போட்டிருக்கிறார்கள்.

அதற்குள் பிடிமண் வைத்து, முனி வந்துவிட்டார் என்று சொல்லி, தமிழினிக்கு மொட்டை போட்டுவிட வேண்டும் என்றுதான் அவசரப்பட்டேன். மொட்டை போட்ட பிறகு சாமியை என்ன செய்வதாக இருந்தாய் என்று கேட்காதீர்கள். சரசு ஏற்கெனவே கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் எனக்குச் சோறு போடவில்லை.

பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது. தீனா ஒரு யோசனை சொல்கிறான். நீங்கள் கல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். ஜூன் இரண்டாம் தேதி ஞாயிறு காலை நாங்களும் புறப்படுகிறோம். பரனூர் சுங்கச்சாவடி தாண்டி, செங்கல்பட்டுக்கு முன்னால், ரோடு அகலமாக இருக்கிற இடத்தில் நிற்போம். உங்கள் கேட்டும் வேண்டாம், என் கோடும் வேண்டாம். கல்லை இறக்கக்கூட வேண்டாம்.

சத்தியம் சத்தியம்தான். நான் பேச மாட்டேன்.

பக்தவச்சலம்


பீர்க்கன்கரணை
9-6-2024

பக்தவச்சலத்துக்கு அண்ணன் கேசவன் சொல்ல, அருள்மேரி டீச்சர் எழுதுவது.

சளி போய்விட்டது. நீ வெயிலில் நின்றதில் கால் வீங்கியிருக்கும். வீங்கட்டும்.

போன ஞாயிறு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். ஆனால் பிறகு நீ மாற்றிச் சொல்வாய், அதனால் எழுதி வைக்கச் சொல்கிறேன்.

கல்லை வெளியே கொண்டுபோகச் சீட்டு எழுத வேண்டும் என்றார்கள். 'வெளியே செல்லும் பொருள்: கல், ஒன்று' என்று எழுதினார்கள். அனந்தகிருஷ்ணன் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "ரொம்ப நல்ல முடிவு ஐயா" என்றார். கல்லை ஏற்றின குட்டியானை லோடு வண்டி கேட்டைத் தாண்டுவதற்குள் அந்த இடத்தை டேப் பிடித்து அளந்தார்கள். கரண்ட் காருக்குச் சார்ஜ் ஏற்றுகிற மிஷின் வைக்கப்போகிறார்களாம்.

டீச்சர் முன்சீட்டில் வந்தார். நான் பின்னால் முனியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் லாரி நிழலில் நின்றீர்கள். உனக்கு மயிர் முழுக்க நரைத்துவிட்டது. அதை நீ எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை.

"டீச்சர், புள்ளைய கெழக்கப் பாத்து உக்கார வைக்கச் சொல்லுங்க" என்றேன்.

நீ, "சரசு, கெழக்கு எதுன்னு எனக்கே தெரியும்னு அவருக்குச் சொல்லு" என்றாய்.

"தெரிஞ்சா ஏன் மேக்கப் பாத்து உக்கார வச்சிக்கிறாருன்னு கேளுங்க டீச்சர்."

"ரெண்டு பேரும் சும்மா கெடங்க! வெயில்ல புள்ள வேர்த்துக்கினு கீது" என்று சரசு போட்ட சத்தத்தில் கத்தி பிடித்தவனே பிள்ளையைக் கிழக்கே திருப்பினான்.

குட்டியானைமேல், முனிக்கு முன்னால், என் மடியில் உட்கார வைத்துத்தான் முதல் மயிர் இறக்கினார்கள். நீ மடி கொடுக்க வந்தாய், நான் நகரவில்லை. மூத்தவன் மடி. பிள்ளை அழவில்லை. மொட்டையைத் தடவிப் பார்த்து, "காத்து வருது" என்றது. நீ திரும்பிக்கொண்டாய். கண்ணில் தூசி விழுந்ததாகச் சரசுவிடம் சொன்னாயாம். டீச்சர் சொன்னார்.

அப்புறம்தான் ரோட்டுப் போலீஸ் வந்தார். "இங்க நிறுத்தக்கூடாது. இன்னா லோடு?" என்றார்.

"சாமி சார்" என்றான் தீனா.

"சரி, எங்க எறக்கணும்?"

யாரும் பதில் சொல்லவில்லை. இத்தனை கடிதம் எழுதின நீயும் சொல்லவில்லை. இத்தனை கடிதம் சொல்லி எழுத வைத்த நானும் சொல்லவில்லை. அவர் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பேசி முடிவு பண்ணிட்டு வண்டிய எடுங்க" என்று போய்விட்டார். பேசி முடிவு பண்ணச் சொன்னார், நம்மிடம்!

நீ அந்த மஞ்சள் மூட்டையைக் கொண்டுவந்து, முனி பக்கத்தில் வீசிவிட்டுப் போனாய். வைக்கவில்லை, வீசினாய். நான் பார்த்தேன்.

கல்லைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். வேறெங்கே போவது? கோணி சுற்றி எடுத்துவந்தேன். "இன்னா ஐயா இது?" என்று அந்தோணிசாமி கேட்டார். "அம்மிக்கல்லு" என்றேன். கோணியை ஒரு தரம் தொட்டுப் பார்த்தார். "நல்ல அம்மி, பத்திரமா தூக்குங்கடா" என்று இரண்டு பேரை அனுப்பினார். லிஃப்ட் முனகிக்கொண்டே ஏறியது.

இப்போது முனி நாலாவது மாடியில் என் பால்கனியில் இருக்கிறார். துணி காயப்போடுகிற கம்பிக்குக் கீழே. இங்கே சூடம் ஏற்றினாலும் கேட்க ஆளில்லை. தயாளன் பெண்டாட்டி முகம் சுளிக்கிறாள், சுளிக்கட்டும். டைல்ஸ்மேல் எப்படி வைப்பது என்று ஒரு பிளாஸ்டிக் டப்பில் நீ வீசின மண்ணைக் கொட்டி அதன்மேல் வைத்திருக்கிறேன். வேறு மண் எனக்கு எங்கேயும் இல்லை. நீயும் இன்னும் சில நாளில் அப்படித்தான்.

ஒரு பிடி போதவில்லை. விளக்கு வைக்கக் குனிந்தால் கல் ஆடுகிறது. கையை ஊன்றி எழுந்தால் ஆடுகிறது. அதனால் சொல்கிறேன், கேள். பத்திரம் போடுகிற அன்றைக்கு ஆபீசுக்குப் போகுமுன், விடியக்காலையில் சித்தேரிக்கு இறங்கு. வெட்டாமல் கரையோரத்தில் எங்காவது மிச்சம் இருக்கும். குளித்துவிட்டுப் போ. தீனாவை அனுப்பாதே, கூலிக்கு ஆள் விடாதே. உன் கையால் அள்ளு. டப்புக்கு வேண்டிய அளவு, ஒரு கூடை. சரசு புடவையில் முடிந்து அனுப்பு.

இதைக் கெஞ்சுகிறேன் என்று நினைத்துவிடாதே. பிடிமண்ணை மூத்தவன்தான் இளையவனுக்குக் கொடுப்பான். இளையவன் கையால் மூத்தவன் வாங்கிய கதை நம் வம்சத்தில் கிடையாது. கிடையாது என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

சீக்கிரம் அனுப்பு. ஆடுகிறது.

கேசவன் (கைநாட்டு)